ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் என்ன தெரியும்?

செமஸ்டர் முடியப் போகிறது. பெங்களூரில் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களைத் திறந்தால் ‘ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்பாதவர்கள் இன்றைக்குள் நிரப்பவும்’ என்ற மிரட்டல்தான். பிள்ளைகளும் பஸ்ஸில் நின்றுகொண்டே ஆசிரியர்களுக்கு ஐந்துக்கு 4, 4, 4 என்று தட்டிவிட்டு ரீல்ஸுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாடமே முடிந்த பிறகு கேட்டால் வேறென்ன செய்வார்கள்?

பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள் நான். ‘மாணவர்களிடம் என்ன கேட்பது’ என்று சலித்துக்கொள்ளும் சீனியர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் இப்போது கேட்கிற நேரமும் சரியில்லை, கேள்வியும் சரியில்லை.

நம்ம நாகர்பாவியில் இருக்கும், கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் நாக் (NAAC) அமைப்பு, 2017-இல் மாற்றிய தர மதிப்பீட்டு முறையில் மாணவர் திருப்தி ஆய்வைச் சேர்த்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் துறை வரைக்கும் இறங்கி வரும்போது ஃபைலுக்கு ஒரு கிராஃப், அவ்வளவே. இந்த செமஸ்டரில் தவித்த பிள்ளைக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. பலன் அடுத்த பேட்சுக்குத்தான், அதுவும் யாராவது படித்தால்.

அந்த மதிப்பெண்ணையாவது நம்பலாமா? 2019-இல் வெளிவந்த ஹார்வர்டு ஆய்வு ஒன்று. அறிமுக இயற்பியல் மாணவர்களில் ஒரு பகுதியினருக்குக் கோர்வையான விரிவுரை. மற்றவர்களுக்கு அதே பாடம், ஆனால் குழுவாக உட்கார்ந்து தாங்களே கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டும். தேர்வில் மல்லுக்கட்டியவர்கள்தான் அதிகம் எடுத்தார்கள். ‘நிறையக் கற்றேன்’ என்று சொன்னதோ விரிவுரை கேட்டவர்கள்! யாரும் பொய் சொல்லவில்லை. மண்டையைக் குடையும்போது கற்கிறோம் என்று தோன்றாது, அவ்வளவுதான். இந்த லட்சணத்தில் நோட்ஸ் டிக்டேட் செய்பவருக்கு 5, கணக்கைப் பிள்ளைகள் கையில் கொடுப்பவருக்கு 3 என்று வந்தால், எந்த ஆசிரியர் துணிந்து முறையை மாற்றுவார்?

நான் செய்வது பழைய உத்தி. ஹார்வர்டு புள்ளியியல் பேராசிரியர் ஃபிரடெரிக் மோஸ்டெல்லர் 1989-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வகுப்பு முடியும்போது ‘இன்று எந்த இடம் ரொம்பக் குழப்பியது?’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குவது. பெயர் வேண்டாம், எந்த மொழியிலும் எழுதலாம். ஓசூரிலிருந்து வரும் பிள்ளைகள் தமிழில் எழுதுவார்கள், சிலர் தெலுங்கை ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். கன்னடச் சீட்டுகளை எங்கள் லேப் அட்டெண்டர் படித்துச் சொல்வார். அவருடைய கமெண்டும் இலவசம்.

வெப்ப இயக்கவியலின் முதல் விதி நடத்திய வாரம், ‘வேலையைக் கூட்டணுமா கழிக்கணுமா?’ என்று சீட்டுக்குச் சீட்டு ஒரே கேள்வி. இயற்பியலில், வாயு செய்யும் வேலையைக் கணக்கில் எடுத்து, வாயுவுக்குக் கொடுத்த வெப்பத்திலிருந்து அதைக் கழித்தால் வாயுவின் அக ஆற்றல் (உள்ளே இருக்கும் ஆற்றல்) மாற்றம் என்கிறோம். வேதியியலில் வாயுவின் மீது செய்யப்படும் வேலையை எடுத்து, வெப்பத்தோடு கூட்டுகிறார்கள். இரண்டும் சரி, விதியும் ஒன்றே. ஆனால் ஒரே நாளில் இரண்டு வகுப்பிலும் உட்காரும் பிள்ளைக்கு, இரண்டு டீச்சர்களில் யாரோ ஒருவர் தப்பு என்றுதான் படும். இதை வாய்விட்டுக் கேட்கவா முடியும்? அப்புறம் நானும் வேதியியல் மேடமும் கேன்டீனில் உட்கார்ந்து பேசி, இரண்டு வகுப்பிலும் இரண்டு சமன்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினோம். ‘ஆசிரியர் பாடத்தில் புலமை பெற்றவரா, 1 முதல் 5 வரை’ என்ற கேள்வியிலிருந்து இது ஒருநாளும் வெளியே வந்திருக்காது.

‘இத்தனை சீட்டை யார் படிப்பது?’ என்பார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் படித்துவிடலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று குழப்பங்களே திரும்பத் திரும்ப வரும். அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் அவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அதை விட்டால் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். ஒரே பயம், நிர்வாகம் இந்தச் சீட்டுகளையும் ஆசிரியர்களை எடைபோடும் அப்ரைசலுக்குக் கேட்டுவிடுமோ என்பது. கேட்ட அன்றே ‘எல்லாம் புரிந்தது மேடம், சூப்பர்’ என்று வரத் தொடங்கும்.

ஆய்வகக் கதை இன்னும் மோசம். நான்கு பேருக்கு ஒரு மேசை, ஒருவன் கருவியைத் தொடுவான், மூவர் ரீடிங்கைக் காப்பி அடிப்பார்கள். படிவமோ ‘ஆய்வக வசதிகள் திருப்தியா?’ என்று கேட்கிறது. அதை எடுத்துவிட்டு ‘இன்று வெர்னியர் அளவுகருவியை நீ கையில் பிடித்தாயா?’ என்று வாராவாரம் கேட்கலாம் எனத் துறைக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. உங்கள் கல்லூரியில் இப்படி ஏதாவது கேட்கிறார்களா? கமெண்டில் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தில் காட்ட உதவும்.