சிவப்பு பல்ப் தாளுக்குத்தான், பிலிமுக்கு இல்லை

"இருட்டறையில் சிவப்பு பல்ப் போட்டால் போதும், கமரா பிலிமையும் அந்த வெளிச்சத்திலேயே டெவலப் பண்ணலாம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்படிச் செய்தால் றோல் முழுக்கக் கறுத்துத்தான் வரும். எச்பி5, ட்ரை-எக்ஸ் போன்ற கறுப்பு-வெள்ளை பிலிம்கள் எல்லாம் பான்குரோமேட்டிக், அதாவது எல்லா நிற ஒளியும் பதியும் வகை. சிவப்பு ஒளியும் அவற்றில் பதியும். சிவப்பு பல்ப் பிரிண்ட் போடும் தாளுக்கானது. (சிவப்பு ஒளி பதியாத ஓர்தோ பிலிமுக்கு அடர்சிவப்பு ஒத்துவரும். இங்கே அதை யார் வைத்திருக்கிறார்கள்!)

பிலிமை ரீலில் சுற்றி, ஒளி புகாத டெவலப்பிங் டாங்கின் மூடியைப் பூட்டும் வரைக்கும் கும்மிருட்டு வேண்டும். பூட்டியபிறகு லைட்டைப் போட்டுக்கொண்டே மிச்ச வேலையைப் பார்க்கலாம். கை வியர்த்தால் பிலிம் பிளாஸ்டிக் ரீலில் ஒட்டி நகராது, அதனால் இரவில் சுற்றுவது நல்லது.

திருகோணமலையில் உண்மையான தலையிடி வெக்கைதான். ஐடி-11 டெவலப்பர் கரைசலை மேலும் தண்ணீர் விட்டு ஐதாக்காமல் பாவித்தால் எச்பி5க்கு 20 பாகையில் 7½ நிமிடம். வெயில் காலத்தில் கூரைத் தாங்கித் தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடு. அதே நேரம் வைத்தால் நெகட்டிவ் அளவுக்கு மிஞ்சிக் கறுத்துப்போகும். டெவலப்பர் போத்தலை ஐஸ்கட்டி போட்ட வாளிக்குள் நிறுத்தி, வெப்பமானி 20 காட்டியதும் ஊற்றுங்கள். ஐஸை டெவலப்பருக்குள்ளேயே போட்டுவிடாதீர்கள், செறிவு குறைந்துவிடும். டெவலப் பண்ணிய படத்தை நிலைக்கவைக்கும் பிக்சர் கரைசலும் கழுவும் தண்ணீரும்கூட அதே சூட்டுக்குக் கிட்ட இருக்கட்டும்.