கீரை விற்காத தெருவில் அம்மாக்களைத் திட்டாதீர்கள்

போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார்: பிள்ளைகளின் டிபன் டப்பாவில் நூடுல்ஸும் பிஸ்கட்டும்தான் இருக்கிறது, இந்தக் காலத்து அம்மாக்களுக்குச் சோம்பேறித்தனம் என்று. எனக்கு மனசே ஆறவில்லை.

நான் வளர்ந்தது மதுரை அண்ணா நகரில். 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது அங்கேதான். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள்தான் உள்ளே விற்கலாம். கடைக்கு வாடகை கிடையாது, தரகர் கிடையாது, தராசு சந்தையே கொடுக்கும், விலை பலகையில் எழுதியிருக்கும். வெளிக்கடையைவிட விலை குறைவு. விடிந்ததும் அம்மா கூடையோடு கிளம்பினால் அரைக்கீரை, பீர்க்கங்காய், சீனியவரை, பிஞ்சுக் கத்தரிக்காய் என்று அன்றைக்கு என்ன நன்றாக இருக்கிறதோ அது வரும். வாரத்தில் நாலு நாள் கீரை. சத்துணவு பற்றி அம்மாவுக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. அது அம்மாவின் கைப்பக்குவம், கட்டுப்பாடு என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பாதிக்குப் பாதி அந்தச் சந்தை செய்த வேலை என்று சென்னைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

இப்போது இருப்பது பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை கடைகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். பேக்கரி இரண்டு, ஃப்ரைட் ரைஸ் கடை மூன்று, சிக்கன் பொரிக்கும் கடை ஒன்று, பெட்டிக்கடை நாலு. காய்கறிக் கடை ஒன்றுகூட இல்லை. ஒரு கட்டுக் கீரை வேண்டுமென்றால் ஆட்டோ பிடிக்க வேண்டும்.

பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டேன். "கீரை மத்தியானத்துக்குள்ள வாடிடும்க்கா. மிச்சமானா என் காசு போச்சு. சிப்ஸ் பாக்கெட் அது பாட்டுக்கு மாசக்கணக்குல தொங்கும்" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு? சிப்ஸை கம்பெனி வண்டியே கடை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறது. குளிர்பானக் கம்பெனி ஃப்ரிட்ஜும் கொடுக்கிறது. கீரைக்கு மட்டும் அவர் இருட்டோடு எழுந்து கோயம்பேடு போய்வர வேண்டும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்று இருக்கிறது. நாலு பெரியவர்கள் உள்ள வீட்டுக்குத் தினமும் 2 கிலோ. சரி, ராத்திரி ஏழரைக்கு வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண் அதை எங்கே போய் வாங்குவாள்? பத்து ரூபாய் பாக்கெட் மூக்குக்கு முன்னால் தொங்குகிறது. அதை அவளுடைய விருப்பம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரிசிக்கு நாம் வழி செய்திருக்கிறோம். 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஊருக்கு ஊர் கடை வைத்து இதைச் செய்ய முடிந்திருக்கிறது. பசியை விரட்டிய பெரிய காரியம் அது, அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் தட்டில் சோறு மலையாகவும் காய் ஓரமாகவும் இருப்பதற்கு, சோறு வீட்டுப் பக்கத்திலேயே கிடைப்பதும் காய் கிடைக்காததும் ஒரு காரணம். 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறியபோது சென்னையில் ரேஷன் கடைகளிலேயே கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்களே! அப்போது முடிந்தது, வாரத்தில் இரண்டு நாள் கீரைக்கும் காய்க்கும் ஏன் முடியாது?

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில், சனிக்கிழமை காலையில் மட்டும் வாசலுக்குள் ஒரு காய்கறி வண்டிக்கு இடம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்க்கிங் குறைந்துவிடும் என்கிறார்கள். இரண்டு கார் நிற்கிற இடம்தான் கேட்கிறேன். அந்தப் பெரியவரும் என்னோடு சேர்ந்து ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.