சாம்பலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள்

எரிமலைச் சாம்பலால் என் விமானம் ரத்தாகிவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எரிமலை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. விமானத்தை எடுக்க மறுத்த விமானி மேலும் இல்லை. "கொஞ்சம் புகைதானே, இன்னும் மேலே ஏறிப் பறந்தால் என்ன" என்று எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. அது அடுப்புச் சாம்பல் இல்லை ஐயா, பொடிப்பொடியான பாறையும் கண்ணாடியும். என்ஜினுக்குள் போனால் அந்தச் சூட்டில் உருகி, டர்பைனில் ஒட்டிக் கெட்டியாகி, காற்று போகும் வழியையே அடைத்துவிடும். 1982 ஜூனில் கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் ஒன்று, இந்தோனேசியாவில் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் மாட்டி, நான்கு என்ஜினும் நின்றுபோய், சாம்பலை விட்டுக் கீழே இறங்கிய பிறகுதான் என்ஜின்கள் திரும்ப ஓடின. முன்கண்ணாடி தேய்ந்து வெளியே சரியாகத் தெரியாத நிலையில் ஜகார்த்தாவில் இறக்கினார்கள். 1989 டிசம்பரில் அலாஸ்காவில் ஒரு கே.எல்.எம். விமானத்துக்கும் நான்கு என்ஜின் நின்றது. போதாக்குறைக்கு விமானத்தில் இருக்கிற வானிலை ரேடார் இந்தச் சாம்பலைக் காட்டவும் காட்டாது. ஆக, பறக்காதே என்றால் பறக்கக் கூடாது. சரி.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் தரையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மேல்.

மலை வெடித்தது செய்தியில் வந்தாகிவிட்டது. சாம்பல் எந்த உயரத்தில் இருக்கிறது, அடுத்த 6, 12, 18 மணி நேரத்தில் எங்கே போகும் என்று கணித்துச் சொல்வதற்கென்றே டார்வின், டோக்கியோ, லண்டன், துலூஸ் என்று உலகம் முழுக்க 9 ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. அவர்கள் போடுகிற வரைபடத்தை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நானும் பார்த்தேன். நான் போய் இறங்க வேண்டிய ஊர் சாம்பல் பரவும் கோட்டுக்குள் இருந்தது. விமான நிறுவனத்தின் ஆப்பைத் திறந்தால் 'குறித்த நேரத்தில் புறப்படும்' என்று பச்சை எழுத்தில் சிரிக்கிறது! 2025 நவம்பரில் எத்தியோப்பியாவில் ஹைலி குப்பி எரிமலை வெடித்தபோது, சாம்பல் செங்கடலைத் தாண்டி ஏமன், ஓமன் வழியாக இந்தியா வரை வந்து சேர ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதாவது சாம்பல் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. நமக்குச் சொல்ல வேண்டியவர்கள்தான் வாயைத் திறப்பதில்லை.

ஏன் திறக்க மாட்டார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நீங்களாக முந்திக்கொண்டு டிக்கெட்டை ரத்து செய்தால் அது 'பயணியின் விருப்ப ரத்து', பாதிப் பணம் அபராதத்தில் போகும், மலிவு டிக்கெட் என்றால் மொத்தமும் போகும். அவர்கள் ரத்து செய்தால் அவர்கள் திருப்பித் தர வேண்டும். அதனால் கடைசி நிமிடம் வரை யார் முதலில் கண்ணைச் சிமிட்டுவது என்று ஒரு போட்டி. பெட்டியைக் கட்டி, பிள்ளைகளை எழுப்பி, விமான நிலையம் வந்து வரிசையில் நின்ற பிறகு ஒரு குறுஞ்செய்தி: 'தவிர்க்க முடியாத காரணங்களால்'. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கும் நமக்குத் தெரிந்ததுதான் தெரியும், அவரிடம் கத்தி என்ன பிரயோஜனம்?

அப்புறம் ஆரம்பிக்கிறது பந்தாட்டம். விமான நிறுவனத்தைக் கேட்டால் டிக்கெட் வாங்கிய தளத்தைக் கேட்கச் சொல்கிறது. தளத்தைக் கேட்டால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வர வேண்டுமாம். அந்தத் தளம் 'வசதிக் கட்டணம்' என்று ஒன்று வாங்கியதே, அது மட்டும் எந்தக் காரணத்துக்கும் திரும்ப வராது. என்ன வசதி செய்து கொடுத்தீர்கள், சொல்லுங்களேன்! ஓட்டல்காரர் இன்னும் ஒரு படி மேல்: ஓட்டல் திறந்துதான் இருக்கிறது, நீங்கள்தான் வரவில்லை என்கிறார். உண்மைதான், அதுதான் இன்னும் எரிகிறது.

இதில் உச்சம் காப்பீடு. விமான நிறுவனம் நஷ்டஈடு கிடையாது என்றது, ஏனென்றால் இது யாரும் எதிர்பார்க்க முடியாத இயற்கைச் சீற்றம். காப்பீட்டு நிறுவனமும் கிடையாது என்றது, ஏனென்றால் அந்த மலை முன்பிருந்தே குமுறிக்கொண்டிருந்ததாம், பாலிசி எடுக்கும்போதே அது 'தெரிந்த நிகழ்வு'. ஒரே சாம்பல். ஒருவருக்கு அது யாருக்குமே தெரியாது, இன்னொருவருக்கு எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, முதலில் நீங்கள் ஒரு முடிவுக்கு வாருங்கள், அப்புறம் நான் வருகிறேன் என்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

இதற்கு வழியே இல்லை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையால் ஐரோப்பிய வானம் கிட்டத்தட்ட ஒரு வாரம் மூடிக் கிடந்தது, ஏறத்தாழ 1 லட்சம் விமானங்கள் ரத்து. அங்கே 2004-லேயே சட்டம் இருந்தது: நஷ்டஈடு தராவிட்டாலும், மாற்று விமானம் கிடைக்கும் வரை சாப்பாடும் தங்குமிடமும் விமான நிறுவனத்தின் பொறுப்பு. எரிமலையைக் காட்டித் தப்பிக்க முடியாது, இத்தனை நாள்தான் என்ற வரம்பும் கிடையாது என்று 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லியே விட்டது. அப்படி ஒரு சட்டம் இல்லாத இடத்தில் மாட்டினால் நாற்காலியில் தூங்க வேண்டியதுதான்.

நான் கேட்பது அவ்வளவு பெரிய விஷயம்கூட இல்லை. சாம்பல் வரைபடத்தில் அந்த ஊர் வந்த உடனேயே, 'விருப்பப்பட்டால் கட்டணமில்லாமல் தேதி மாற்றிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி அனுப்பலாமே. சில நிறுவனங்கள் அனுப்புகின்றன. என் பணத்தை வாங்கியது அனுப்பவில்லை. பணத்துக்குப் பதிலாகக் காலாவதித் தேதி போட்ட வவுச்சரைத் தள்ளிவிடப் பார்த்தது. வேண்டாம், பணமாகவே கொடுங்கள் என்றேன். 'பரிசீலனையில்' இருக்கிறதாம்.