டிஸ்க் நுழைய இடமில்லாத பெட்டி எனக்கு வேண்டாம்

வீடியோ கேம் ஆடும் பெட்டிகளான கன்சோல்கள், புதிதாக வரும்போது பெரும்பாலும் நவம்பரில் வெளிவருகின்றன. மொரிஷியஸில் கையில் காசு புரள்வது டிசம்பரில். தமிழ்நாட்டு நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே ஆண்டு இறுதி போனஸ் முதலாளியின் தாராள மனதைப் பொறுத்ததன்று, சட்டம். அதில் 75 விழுக்காடு, டிசம்பர் 25க்கு ஐந்து வேலை நாட்கள் முன்பாவது தொழிலாளியின் கைக்கு வந்துசேர வேண்டும். ஆக, பெட்டி கடையில் இருக்கும்போது நம்மிடம் பணம் இருக்காது. பணத்தோடு போகும்போது பெட்டி தீர்ந்திருக்கும். இந்த இடைவெளியில்தான், பெட்டியை முன்கூட்டியே வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்கும் ஒரு கூட்டம் பிழைக்கிறது. அந்தக் கூட்டத்தைத் திட்டித் தீர்க்கத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

தட்டுப்பாடு புதிதன்று. 2000 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவுக்கு வந்தபோது, முதல் நாளுக்கு 10 லட்சம் என்று சொல்லியிருந்த சோனி, உதிரிபாகம் போதவில்லை என்று 5 லட்சத்தோடு நிறுத்திக்கொண்டது. 2006இல் பிளேஸ்டேஷன் 3க்கு நேர்ந்தது இன்னும் சுவாரசியமானது. அது பயன்படுத்திய புளூ-ரே என்ற புதுவகை டிஸ்கைப் படிக்க நீல ஊதா லேசர் டயோடு வேண்டும். அந்தத் துளியளவு உறுப்பு போதிய எண்ணிக்கையில் உற்பத்தியாகவில்லை. ஜப்பானும் அமெரிக்காவும் நவம்பரில் பெற்றுக்கொண்டன, ஐரோப்பாவை 2007 மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். அன்று டிஸ்கைப் படிக்கும் உறுப்பான டிரைவைச் செய்ய முடியாமல் கன்சோலே தாமதமானது. அந்த டிரைவுக்காக ஒரு வணிகப் போரும் நடந்தது: புளூ-ரேக்குப் போட்டியான தோஷிபாவின் எச்டி டிவிடி 2008 பிப்ரவரியில் களத்தை விட்டு விலகியதற்கு, வீடுவீடாகப் புளூ-ரேயைக் கொண்டுசேர்த்த பிளேஸ்டேஷன் 3 ஒரு முக்கியக் காரணம். டிஸ்கைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய அதே சோனி இன்று டிரைவைத் தனி உதிரியாக விற்கிறது.

பிறகு 2020. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 14. பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 12ஆம் தேதி வந்தது, ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் 19ஆம் தேதி. ஆப்பிரிக்காவில் அறிவிப்பில் பெயர் சொல்லப்பட்டது தென்னாப்பிரிக்காவுக்கு மட்டுமே. நமக்கு இது பழகிய கதை. எந்தக் கன்சோல் வந்தாலும் லண்டனிலோ பாரிசிலோ துபாயிலோ இருக்கும் யாராவது ஒருவர் பயணப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்துவிடுவார். அந்த ஆண்டு அதற்கும் வழியில்லை. மார்ச்சில் மூடிய எல்லை. தனிமைப்படுத்தல் இல்லாமல் பயணிகள் வந்திறங்க 2021 அக்டோபர் ஆயிற்று. உலகெங்கும் சிப் பஞ்சம், இங்கே பிளேசான்ஸ் விமான நிலையத்தில் ஆள் நடமாட்டமே இல்லை.

அந்த நாட்களில் முகநூலில் ஒருவர், சீல் உடைக்காத பெட்டியைச் சாப்பாட்டு மேசை மேல் வைத்துப் படமெடுத்துப் போட்டிருந்தார். விலையை மட்டும் எழுதவில்லை, தனிச்செய்தியில் கேட்கச் சொன்னார். கேட்டேன். பெட்டியின் அமெரிக்க விலையான 499 டாலர் என்பது அன்றைய மாற்று விகிதத்தில் 20,000 மொரிஷியஸ் ரூபாயை ஒட்டி வரும்; 15 விழுக்காடு வாட் சேர்த்தாலும் 23,000. அவர் சொன்னது அதைப்போல இரண்டு பங்கு. குறைத்துக் கேட்டுப் பார்த்தேன். "அடுத்த வாரம் இந்த விலைக்கும் கிடைக்காது அண்ணா" என்று பதில் வந்தது. அவர் சொன்னபடியேதான் நடந்தது.

அவரைப் பதுக்கல்காரர் என்று திட்டலாமா? என்னைக் கேட்டால், அவர் எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும். தீவில் இல்லாத ஒரு பொருளுக்குத் தன் பெட்டியில் இடம் ஒதுக்கி, சுங்கத்தில் நின்று, வழியில் உடைந்தால் நட்டம் தன் தலையில்தான் என்று தெரிந்தே கொண்டுவருபவர் வணிகர். அவருடைய லாபம் என் கண்ணை உறுத்தவில்லை. கடைக்கு வந்து இறங்கிய சரக்கைக் கடைக்காரருக்கு வேண்டியவன் என்ற உரிமையில் பின்வாசல் வழியாக அள்ளிக்கொண்டுபோய், அதே தெருவில் கூடுதல் விலைக்கு விற்பவர் வேறு. முன்னவர் இல்லாத இடத்தில் ஒரு பெட்டியைக் கூட்டுகிறார். பின்னவர் எதையும் கூட்டவில்லை, என் வரிசையைத்தான் நீட்டுகிறார். மேலை நாடுகளில் இந்தப் பின்னவரின் வேலையைக் கணினி நிரல்களே செய்தன; மனிதக் கை பொத்தானை அழுத்துவதற்குள் முன்பதிவு முடிந்துவிடும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அதைத் தடுக்க 2021இல் ஒரு தனிநபர் மசோதாகூட வந்தது, சட்டமாகவில்லை. கடைசியில் விலையை இறக்கியது உற்பத்திதான். தட்டுப்பாட்டுக் காலம் முடிகிறது என்று 2023 ஜனவரியில் சோனி சொன்னபோது உலகெங்கும் 3 கோடிப் பெட்டிகள் விற்றிருந்தன.

நிண்டெண்டோ இதிலிருந்து பாடம் கற்றது. 2025 ஜூன் 5 அன்று வந்த அதன் கன்சோலான ஸ்விட்ச் 2, நான்கே நாளில் 35 லட்சம் விற்றது. ஜப்பானில் நிறுவனத்தின் சொந்த இணையக் கடையில் குலுக்கல் முறை. குலுக்கலில் சேரவே பழைய ஸ்விட்சில் 50 மணி நேரம் ஆடியிருக்க வேண்டும், இணையச் சந்தா ஓராண்டாவது கட்டியிருக்க வேண்டும். அப்படியும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஜப்பானிய மொழி மட்டுமே தெரிந்த பெட்டிக்கு 49,980 யென், எல்லா மொழியும் தெரிந்த பெட்டிக்கு 69,980 யென் என்று விலையைப் பிரித்து, வெளிநாட்டுக்கு அள்ளிப்போகிறவர்களின் கையையும் கட்டிப்போட்டார்கள். கெட்டிக்காரத்தனம், மறுக்கவில்லை. ஆனால் நம் கரையிலிருந்து பாருங்கள். பதுக்கல்காரரைப் பிடிக்கும் வலையில் முதலில் சிக்குவது தீவுக்காரர்தான். உண்மையான வாடிக்கையாளர் என்பதற்கு ஏதோ ஒரு நாட்டின் கணக்குத்தான் சான்று என்றால், பட்டியலில் நாடே இல்லாதவர் எங்கே போவார்?

மிகைப்படுத்தவில்லை. இணையத்தில் விளையாட்டு வாங்கப் பிளேஸ்டேஷன் கணக்குத் தொடங்கும்போது நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் மொரிஷியஸ் கிடையாது. எனவே நம் பிள்ளைகளில் பாதிப் பேர் பிரான்சிலும் மீதிப் பேர் இங்கிலாந்திலும் குடியிருக்கிறார்கள், கணக்கில் மட்டும். பிரெஞ்சுக் கணக்குக்கு யூரோவில் பணம் ஏற்றிய அட்டை, பிரிட்டிஷ் கணக்குக்குப் பவுண்டில் ஏற்றிய அட்டை; அவற்றை யாரோ ஓர் இடைத்தரகரிடம் கூடுதல் காசு கொடுத்து வாங்க வேண்டும். போர்ட் லூயிஸில் பிறந்து, குவாத்ர் போர்னில் வரி கட்டும் ஒருவர், ஒரு விளையாட்டை வாங்குவதற்காக லியோன் நகரத்து அஞ்சல் எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஒருநாள் அந்த வேடிக்கை நின்றுபோகும் வரை. 2024 மேயில் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டுக்கு, கணினியில் ஆடுவோருக்கும் பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது. ஆனால் அதற்குள், அந்தக் கணக்கு வசதி இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் விளையாட்டு விற்பனையிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது.

டிஸ்க் இப்படி ஊர் விசாரிப்பதில்லை. பிளேஸ்டேஷன் 5 விளையாட்டு டிஸ்குகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. பக்கத்துத் தீவான ரீயூனியனில் வாங்கியதும் துபாயில் வாங்கியதும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாங்கியதும் ஒரே பெட்டியில் ஓடும். ஒரே ஒரு சிக்கல்: அமெரிக்க டிஸ்குக்கு ஐரோப்பியக் கணக்கில் வாங்கிய கூடுதல் பகுதிகள் பெரும்பாலும் பொருந்தாது. துபாய் போகிறவரிடம் டிஸ்க் வாங்கிவரச் சொல்லும்போது, பின்னட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது இதற்காகத்தான்.

ரோஸ் ஹில்லில், பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு சந்துக்குள், பழைய டிஸ்க் வாங்கி விற்கும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் டிஸ்கை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துக் குழல்விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்ப்பார். மேலோட்டமான மெல்லிய கோடுகளைக் கண்டுகொள்ள மாட்டார். நகத்தால் தடவும்போது தட்டுப்படும் கீறல் இருந்தால், பேசாமல் நம் பக்கமே நகர்த்திவைத்துவிடுவார். அவர் செய்வதற்குக் காரணம் உண்டு. பழைய சிடியில் தகவல் அடுக்கு, படிக்கும் பரப்பிலிருந்து 1.2 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. புளூ-ரேயில் வெறும் 0.1 மில்லிமீட்டர். அதனால்தான் அதன் மேல் கெட்டியான பூச்சு ஒன்று போட்டிருக்கிறார்கள். பூச்சு தாங்கும்வரை கவலையில்லை. பூச்சைத் தாண்டி இறங்கிய கீறலுக்குப் பற்பசை தேய்க்கும் பழைய வைத்தியமெல்லாம் பலிக்காது. தேறிய டிஸ்குக்கு அவர் ஒரு விலை சொல்வார், நாம் ஒரு விலை சொல்வோம், வேறொரு பழைய டிஸ்கும் கொஞ்சம் சில்லறையுமாக விஷயம் முடியும். பள்ளி விடுமுறையில் அந்தச் சந்தில் நிற்க இடமிருக்காது. ஒரே டிஸ்க் ஒரு தெருவையே சுற்றிவருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதுவும் மறுவிற்பனைதான். பெட்டியைப் பதுக்கும் மறுவிற்பனையை நிறுவனங்கள் மேடையில் கண்டிக்கின்றன. டிஸ்கைக் கைமாற்றும் மறுவிற்பனையை மேடையில் எதுவும் சொல்லாமல் ஒழித்துக்கட்டுகின்றன. எனக்கு எரிச்சலூட்டுவது இந்த இரண்டாவது வேலை. 2013இல் மைக்ரோசாப்ட் வெளிப்படையாகவே முயன்றது. தன் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் பழைய டிஸ்குக்குக் கட்டுப்பாடு, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் சரிபார்ப்பு என்று அறிவித்து, வாங்கிக் கட்டிக்கொண்டு, ஜூன் 19 அன்று எல்லாவற்றையும் திரும்பப் பெற்றது. அப்போது சோனி, ஒருவர் இன்னொருவர் கையில் டிஸ்கைக் கொடுப்பதை மட்டும் காட்டி, விளையாட்டைப் பகிர்வது இப்படித்தான் என்று ஒரு குறுங்காணொளி போட்டுக் கேலி செய்தது. இப்போது யாரும் டிஸ்கைத் தடைசெய்வதாக அறிவிப்பதில்லை. நுழைவாயை அடைத்துவிட்டு, விலை குறைவு என்று எழுதிவிடுகிறார்கள்.

அந்த விலைக் கணக்கையும் பார்ப்போம். 2020இல் பிளேஸ்டேஷன் 5இன் டிரைவ் உள்ள பெட்டிக்கும் இல்லாததற்கும் 100 டாலர் வேறுபாடு. 2023 நவம்பரில் வந்த மெலிந்த மாடலில் அமெரிக்காவில் அது 50 டாலராகச் சுருங்கியது. தனியாக வாங்கி மாட்டும் டிரைவின் விலையோ அப்போது 80 டாலர். மாட்டியதும் வேலை செய்யாது, முதல்முறை இணையத்தில் பதிவுசெய்தாக வேண்டும். 2024 நவம்பரில் 700 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் டிரைவே கிடையாது. அந்த அறிவிப்பு வந்த கையோடு பல நாடுகளில் டிரைவுகள் தீர்ந்துபோய், கூடுதல் விலைக்கு இணையத்தில் முளைத்தன. பெட்டிக்குத் தட்டுப்பாடு தீர்ந்ததும் வாய்க்குத் தட்டுப்பாடு!

தரவிறக்கி வாங்கியதை விற்க முடியாதா என்று பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்கே போட்டது. 2019 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம், கணினி விளையாட்டுகளைத் தரவிறக்கமாக விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கியதை விற்கலாம் என்று தீர்ப்பளித்தது. நம் சட்டங்களில் பாதி பிரெஞ்சு வேரிலிருந்து வந்தவை என்பதால் இங்கேயும் சிலர் மகிழ்ந்தோம். 2022இல் மேல்முறையீட்டில் அது தலைகீழானது. கலிபோர்னியாவில் 2025 முதல், உரிமம் மட்டும் தருகிறவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்ற பொத்தானை வைக்கக்கூடாது என்று சட்டம். அந்த அளவுக்காவது நேர்மை வந்திருக்கிறது.

டிஸ்க் இருந்தால் எல்லாம் பத்திரம் என்றும் சொல்லமாட்டேன். 100 ஜிபி வரை கொள்ளும் டிஸ்கிலும் முழு விளையாட்டு இருக்கும் என்று நிச்சயமில்லை. போட்டவுடன் பல ஜிபி திருத்தங்கள் இறங்கும். தி க்ரூ என்ற பந்தய விளையாட்டின் சர்வரை 2024இல் நிறுத்தியபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஸ்விட்ச் 2இல் டிஸ்குக்குப் பதிலாக வரும் சில அட்டைகளுக்குள் விளையாட்டே இல்லை, தரவிறக்கத் திறவுகோல் மட்டும்தான். ஆனாலும் அந்த வெற்று அட்டையைக்கூட இன்னொருவருக்கு விற்கலாம். டிரைவ் இல்லாத பெட்டியில் அந்த அரைகுறை உரிமையும் இல்லை.

என் அக்கா மகன் டிரைவ் இல்லாத மாடல் மலிவு என்று காட்டிக் கேட்டான். "நீ வைத்திருக்கும் பிளேஸ்டேஷன் 4 டிஸ்குகளை என்ன செய்வாய்?" என்று திருப்பிக் கேட்டேன். "டிரைவை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் மாமா" என்றான். வாங்கலாம், தீவில் கிடைத்தால். எனவே டிரைவ் உள்ளதையே பார், இல்லையென்றால் பெட்டியையும் டிரைவையும் ஒரே நாளில் வாங்கு, இரண்டுக்கும் உள்ளூர் உத்தரவாதத்தை எழுத்தில் கேள், வெளியீட்டு மாதத்தில் ஒரு ரூபாயும் முன்பணம் கட்டாதே என்று சொல்லியிருக்கிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் அதேதான்.

என்னிடம் மாற்றிக்கொள்ள எட்டு ஒன்பது டிஸ்குகள் இருக்கின்றன; கால்பந்தும் பந்தயமும் அதிகம். வேண்டியவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். சனிக்கிழமை காலைகளில் ரோஸ் ஹில் மெட்ரோ நிலையத்தில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நகத்தால் தடவிப் பார்த்துத்தான் வாங்குவேன்.