எடை குறைக்காத சைக்கிள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு சைக்கிள் கடை உண்டு. போன ஞாயிறு காலை ஸ்கூட்டி பஞ்சருக்காக அங்கே ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்த பேச்சு இது. கடைக்கார பாய்க்கு அறுபது தாண்டியிருக்கும், நகக்கண் வரைக்கும் கிரீஸ். வந்தவர் மாங்கூழ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுபவர், நாற்பத்தைந்து வயது. கையில் 27.5 இஞ்ச் சக்கரம் வைத்த கியர் சைக்கிள். முகத்தில் நுகர்வோர் கோர்ட்டுக்குக் கிளம்பியவரின் களை.

கணக்கர்: பாய், இந்த சைக்கிளில் ஏதோ கோளாறு. என்ன என்று பாருங்கள்.

பாய்: சத்தம் வருகிறதா?

கணக்கர்: சத்தமெல்லாம் இல்லை. எடை குறையவில்லை.

பாய்: இது 15 கிலோ இருக்கும் சார். இதற்கு மேல் குறைய வேண்டுமென்றால் வேறு பிரேம்தான் வாங்க வேண்டும்.

கணக்கர்: சைக்கிள் எடை இல்லை பாய், என் எடை! மலை சைக்கிள் ஓட்டினால் உடம்பு இறங்கும் என்றார்கள், 21,000 ரூபாய் கொடுத்து வாங்கி மூன்று மாதம் ஆகிறது. 94 கிலோவில் ஏறி உட்கார்ந்தேன். இன்று காலை பார்த்தால் 93 கிலோ 400 கிராம்.

பாய்: மாஷா அல்லா, குறைந்திருக்கிறதே.

கணக்கர்: 600 கிராம்! 21,000ஐ 600ஆல் வகுத்துப் பாருங்கள், கிராமுக்கு 35 ரூபாய் ஆகிறது. கிராம் கணக்கில் விலை சொல்வது நகைக்கடையில்தான் பார்த்திருக்கிறேன். அங்கேயாவது வாங்கினதை மறுபடி விற்கலாம், நான் இழந்த 600 கிராமை யாரிடம் போய் விற்க?

பாய்: எங்கெல்லாம் ஓட்டினீர்கள்?

கணக்கர்: எங்கே ஓட்டவில்லை! மாந்தோப்பு மண்பாதை, ஏரிக்கரை, பாறைச் சரிவு. போன மாதம் வத்தல்மலையே ஏறிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

(பாய் ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். நாடி பார்க்கும் வைத்தியரிடம் இருக்குமே ஒரு அமைதி, அது வந்துவிட்டது. நானும் டப்பாவை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.)

பாய்: சார், மேடு ஏறும்போது செயின் எங்கே கிடக்க வேண்டும்?

கணக்கர்: எங்கே கிடக்க வேண்டும் என்றால்... செயின் இருக்கும் இடத்தில்தான்.

பாய்: முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. மூவேழு இருபத்தொன்று. மேட்டில் முன்னால் சின்னதும் பின்னால் பெரியதுமாகப் போட்டால்தான் மிதிக்க முடியும். இந்தப் பின்னால் இருக்கிற பெரிய பல்லைப் பாருங்கள், கம்பெனியில் பூசி அனுப்பின எண்ணெய் கூட அழியவில்லை. செயின் இதைத் தொட்டதே கிடையாது. இருபத்தொரு கியரில் ஒரே ஒரு கியர்தான் தேய்ந்திருக்கிறது. இதில் வத்தல்மலை ஏறினீர்களா?

கணக்கர்: ஏறினது... அதாவது, மேலே போனேன்.

பாய்: டிஸ்க் பிரேக்கைப் பாருங்கள். மூன்று மாத வண்டியில் பேட் தேய்ந்து தகடு தெரிகிறது. ஏற்றத்தில் பல் தேயவில்லை, இறக்கத்தில் பேட் தேய்ந்திருக்கிறது. உங்களை யார் மேலே கொண்டு போய் விட்டது?

கணக்கர்: (குரல் இறங்கி) குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனோம். தெரிந்தவர் வண்டி. மேலே மிளகு ஏற்றப் போனார், சும்மா போகிற வண்டிதானே என்று...

பாய்: அடிவாரம் வரைக்கும் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தீர்கள்.

கணக்கர்: ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உயிர் போய் வந்தது பாய். அதற்குக் கூடவா கலோரி கிடையாது?

பாய்: பயத்தில் வேர்த்தது உடம்பில் கழியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், நீங்கள் முதல் ஆள் இல்லை. என் பையன் போனில் காட்டினான். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒரு மலை, டமல்பையஸ் என்று பெயர், என் வாயில் டமால் என்றுதான் வருகிறது. அந்தப் பக்கத்துப் பையன்கள் 1976ல் பந்தயம் விட ஆரம்பித்தார்களாம். பழைய கனத்த சைக்கிள், பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிரேக் பிடிக்கும் ரகம். இறங்கி முடிப்பதற்குள் ஹப்புக்குள் இருக்கிற கிரீஸ் சூட்டில் புகையாகிப் போய்விடுமாம். ஒவ்வொரு தடவையும் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். (கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.) நாற்பது வருஷமாக கிரீஸ் அடைக்கிறேன் சார், நம் ஊரில் எவனாவது ஒரு சந்துக்காவது அந்தப் பெயர் வைத்தானா?

கணக்கர்: மலைக்கு மேலே எப்படிப் போனார்களாம்?

பாய்: லாரி மாதிரி ஒரு வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டுதான்.

கணக்கர்: பார்த்தீர்களா! இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவனே குட்டியானையில்தான் போயிருக்கிறான்!

பாய்: அவன் எடை குறைக்கப் போகவில்லை சார், ஜெயிக்கப் போனான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்த சைக்கிள் பந்தயத்தைச் சேர்த்தபோது ஏற்றத்தையும் சேர்த்தே வைத்துவிட்டார்கள், அங்கே குட்டியானையை விட மாட்டான். சரி, வாரத்துக்கு எத்தனை நாள் ஓட்டுகிறீர்கள்?

கணக்கர்: ஞாயிறு ஞாயிறு. அணை வரைக்கும் போய் வருவேன். டாக்டர் வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேர்க்க வேண்டும் என்றார். நான் அதை ஒரே தவணையில் கட்டிவிடுகிறேன். கடிகாரம் 150 நிமிஷம் காட்டும்.

பாய்: அதில் மிதித்தது எவ்வளவு?

கணக்கர்: ... ஒரு 80 இருக்கும்.

பாய்: மீதி?

கணக்கர்: மீன் வறுபட நேரம் ஆகாதா பாய்?

(கே.ஆர்.பி. அணைக்குப் போனவர்களுக்கு இது புரியும். அந்த வாசம் காற்றில் வந்தால் பிரேக் பிடிக்காமலே சைக்கிள் நிற்கும். இந்த விஷயத்தில் நான் கணக்கர் பக்கம்.)

பாய்: அதுதான் கைப்பிடி ரப்பரில் மிளகாய்த்தூள் ஒட்டியிருக்கிறதா! நான்கூடச் செம்மண் என்று நினைத்தேன்.

கணக்கர்: மீன் புரதம் பாய். டாக்டரே சொன்னார்.

பாய்: புரதம்தான். ஆனால் அந்த மீன் அணைத் தண்ணீரில் நீந்தினதை விட சட்டி எண்ணெயில் நீந்தினது அதிகம்.

கணக்கர்: தெரியும், தெரியும். ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி. கணக்கு எனக்கே சொல்லித் தருகிறீர்களா?

பாய்: சரி, மிதிக்கும்போதாவது மூச்சு வாங்குமா? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு என்று சொல்வார்கள்.

கணக்கர்: எனக்கு மூச்செல்லாம் வாங்காது. நல்ல ஸ்டாமினா.

பாய்: கடை வழியாக நீங்கள் சரணத்தையும் விடாமல் பாடிக்கொண்டு போனதை நானே கேட்டேன். சங்கதி எல்லாம் சுத்தமாக விழுந்தது.

(கணக்கருக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பஞ்சர் பேட்ச் டப்பாவின் அட்டையைக் கிழித்து அதன் முதுகில் கோடு போட்டு, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு என்று எழுதினார். எழுத்து அச்சு மாதிரி இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.)

கணக்கர்: நீங்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வீர்கள், நான் ஏட்டில் காட்டுகிறேன். ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமாராக 7,700 கலோரி செலவாக வேண்டும். கடிகாரம் ஒரு ஞாயிறுக்கு 600 காட்டுகிறது. 12 ஞாயிறு. பன்னிரண்டு அறுநூறு 7,200... (பேனா நின்றது.)

பாய்: என்ன ஆச்சு?

கணக்கர்: முழுசாகக் கணக்கு வைத்தாலே ஒரு கிலோ வரவில்லையே பாய்.

பாய்: இன்னும் மீனே வரவில்லை.

கணக்கர்: இருங்கள். 600 கிராம் இறங்கினதற்கு 4,620 கலோரி. 7,200ல் 4,620 போனால் 2,580. அதை 12 ஞாயிறுக்கு வகுத்தால் 215. அதாவது வாரத்துக்கு 215 கலோரிக்குத்தான் மீன் தின்றிருக்கிறேன்! (நிமிர்ந்தார்.) பாய், கணக்கு டேலி ஆகிவிட்டது!

பாய்: ஒரு தட்டு மீன் 215தானா?

கணக்கர்: கூடக்குறைய இருக்கும். டேலி ஆன கணக்கை யாரும் தோண்டக் கூடாது.

பாய்: அப்படியென்றால் சைக்கிளில் ஒரு கோளாறும் இல்லை. நீங்கள் மிதித்த அளவுக்கு அது ஒழுங்காக இறக்கியிருக்கிறது. சரி, போன மாதம் இதே கடைக்கு எதற்கு வந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

கணக்கர்: நெருஞ்சி முள் பஞ்சர்.

பாய்: அது முந்தின மாதம். போன மாதம் பெல்ட்டைக் கழற்றி நீட்டி, புதுசாக ஒரு ஓட்டை போடச் சொன்னீர்கள். குத்தூசியால் நான்தான் போட்டேன்.

கணக்கர்: பெல்ட் பழசாகி நீண்டுவிட்டது பாய்.

பாய்: டியூப் நீளும் சார். நல்ல தோல் இரண்டு மாதத்தில் இரண்டு விரற்கடை நீளாது. தராசு மட்டுமா உங்களுக்குக் கண்ணுக்குத் தெரிகிறது?

கணக்கர்: (யோசித்து) சர்க்கரை டெஸ்டில் கூட... அந்த மூன்று மாத சராசரி காட்டும் டெஸ்ட் இருக்கிறதே, 6.2 இருந்தது. சர்க்கரை வாசலில் நிற்கிறது, இன்னும் உள்ளே வரவில்லை என்றார் டாக்டர். இப்போது 5.8. நான் லேபில் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பாய்: தூக்கம்?

கணக்கர்: நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். வீட்டில்தான் தூக்கம் போய்விட்டது. குறட்டை நின்றுபோனதால் ஆள் இருக்கிறேனா என்று ராத்திரி இரண்டு தடவை எழுந்து மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறாள்.

(இதற்கு அப்புறம் பாய் வேலையில் இறங்கிவிட்டார். சீட்டு தரையோடு தரையாக இருந்தது. கணக்கரை ஏறி உட்காரச் சொல்லி, பெடல் அடியில் இருக்கும்போது குதிகால் அதில் பட்டு, கால் நேராக நிற்கும் வரைக்கும் உயர்த்தினார். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும், அதுதான் சரியான உயரமாம். முட்டி வலிக்கு மருந்துக்கடையில் கொடுத்த காசை முன்பே இங்கே கொடுத்திருக்கலாம் என்றார்.)

கணக்கர்: சீட்டும் கல் மாதிரி இருக்கிறது பாய். பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொண்டு வருகிறார்களே, அவர்கள் போடுகிற மெத்தை வைத்த டவுசர்கூட வாங்கிவிட்டேன். மேலே ஒரு லுங்கியும் கட்டிக்கொள்கிறேன். அப்படியும் தொடை உரசிப் புண்ணாகிறது.

பாய்: உள்ளே ஜட்டி போடுகிறீர்களா?

கணக்கர்: பாய், ரோட்டில் பொம்பளைகள் போகிறார்கள்!

பாய்: அந்த டவுசருக்கு உள்ளே போடக்கூடாது சார். ஜட்டித் தையல்தான் உரசும். லுங்கியும் வேண்டாம், ஒருநாள் செயினில் மாட்டினால் மானம் போகும்.

கணக்கர்: லுங்கி இல்லாமல் பழையபேட்டை வழியாக எப்படிப் போக? சரி, விடுங்கள். அந்தக் கேரியர் மட்டுமாவது போட்டுக் கொடுங்கள். எத்தனை தடவை கேட்டுவிட்டேன்.

பாய்: கியர் சைக்கிளுக்குக் கேரியரா! எருது விடும் விழாவில் ஓடுகிற காளையைப் பிடித்து ஏரில் பூட்டுகிற மாதிரி. என் கையால் செய்ய மாட்டேன். புதன்கிழமையும் ஓட்டுங்கள், வெள்ளிக்கிழமையும் ஓட்டுங்கள், மேடு வந்தால் பின்னால் பெரிய பல்லைப் போடுங்கள், அதுவும் வெயில் பார்க்கட்டும். மீனை மாதம் ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். பேட் மாற்றினதோடு சேர்த்து 350 ரூபாய்.

கணக்கர்: மாதம் ஒருமுறை என்றால் இந்த மாதக் கணக்கு எப்போது ஆரம்பம்?

பாய்: இன்றைக்கே வைத்துக்கொள்ளுங்களேன்.

கணக்கர்: அப்படியென்றால் இந்த மாதக் கோட்டா இன்றைக்கே முடிக்கலாம்.

(பணத்தைக் கொடுத்துவிட்டு ஏறினார். சீட்டு உயர்ந்ததில் ஆளே ஒரு சாண் வளர்ந்த மாதிரி இருந்தது. சைக்கிள் அணைப் பக்கம் திரும்பியது. பாய் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கையைத் தட்டினார்.)

பாய்: சார்! சார்! ஒரு நிமிஷம் இப்படி வாங்க.

கணக்கர்: என்ன பாய், பாக்கி எதுவும் விட்டுவிட்டேனா?

பாய்: அதெல்லாம் இல்லை. ஜிலேபி மீன் அரைக்கிலோ, நன்றாக முறுகலாக வறுத்து ஒரு பார்சல். ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் ஆடி ஆடிக் கொட்டிவிடும். (உள்ளே திரும்பி) தம்பி, அந்த மூலையில் கிடக்கிற கேரியரையும் பத்தாம் நம்பர் ஸ்பேனரையும் எடு.