அப்பத்தாவின் கையில் குத்தியிருக்கும் பச்சையை அழிக்க நீங்கள் யார்?

தம்பி கல்யாண ஆல்பத்தைப் பற்றி வண்டிப்பெரியாறு முழுக்கப் பேசி முடித்துவிட்டீர்கள். ஓர் ஆல்பத்துக்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். நான் சொல்வது ஒன்றுதான். கேட்டிருக்க வேண்டும். ஆல்பத்துப் படங்களில் அப்பத்தாவின் பச்சையை அழிப்பதற்கு முன் அப்பத்தாவைக் கேட்டிருக்க வேண்டும்.

ஸ்டுடியோக்காரரை நான் குறை சொல்லவில்லை. “கையெல்லாம் கறுப்பாகத் தெரிகிறது, சுத்தம் செய்துவிடுங்கள்” என்று சொன்னது நம் வீட்டு ஆட்கள். அவர் செய்துவிட்டார். அப்பத்தாவின் முன்கை இப்போது வழவழவென்று யாருடைய கையோ போல இருக்கிறது. அதே பக்கத்தில் நிற்கும் மாமா மகனின் கழுத்தில், கொச்சிக்குப் போய்க் குத்திக்கொண்டு வந்த சிறகு அப்படியே இருக்கிறது. அது பளிச்சென்று தெரிய வெளிச்சம் வேறு கூட்டியிருக்கிறார்கள். அவன் குத்திக்கொண்டதில் எனக்கு வருத்தமே இல்லை. அவன் உடம்பு, அவன் விருப்பம். அந்த மரியாதையில் பாதியாவது அப்பத்தாவுக்குக் கிடைத்திருக்கக் கூடாதா?

அவர் சிறுமியாக இருந்தபோது வீரபாண்டித் திருவிழாவில் ஒரு குறத்தி குத்திவிட்ட பச்சை அது. ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, விளக்குக் கரியைக் குழைத்து, தொட்டுத் தொட்டுக் குத்தினாராம். கை வீங்கிக் காய்ச்சலே வந்துவிட்டதாம். மேல்தோல் உதிர்ந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும். கரி அதற்கும் கீழே, உள்தோலில் தங்கிவிடுகிறது. அங்குள்ள செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒன்று செத்தால் அடுத்தது வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் இத்தனை வருட மழையிலும் தேயிலைக் கொழுந்துக் கறையிலும் அது போகவில்லை. ஒரு சின்னக் கோலம், அதற்குக் கீழே அவருடைய தாயின் பெயர். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த எழுத்துகளை மட்டும் விரலால் தடவி ஒவ்வொன்றாகச் சொல்வார். அந்தத் தாய்க்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. அவர் இருந்தார் என்பதற்கு மிச்சம் இருப்பது அந்தப் பெயர்தான். அதைத்தான் ‘அழுக்கு’ என்று அழித்திருக்கிறீர்கள்.

அம்மாவின் தழும்பையும் விட்டுவைக்கவில்லை. கொழுந்து வெட்டும் கத்தரி இழுத்த காயம். தையல் போட்ட தடம் மணிக்கட்டுக்கு மேலே பூரான் ஊர்வது போல இருக்கும். கொழுந்து கிள்ளியே ரேகை தேய்ந்துபோன விரலை ரேஷன் கடை இயந்திரம் ஏற்காமல் அம்மா வெறும் பையோடு திரும்பி வந்திருக்கிறார். என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளமாக முழங்கால் தழும்பைத்தான் எழுதினார்கள். அரசாங்கமே தழும்பைப் பார்த்து ஆளை அறிகிறது. சொந்தப் பிள்ளைகளுக்கு அது அசிங்கமாகிவிட்டது.

தழும்பை மறைக்க விரும்புகிறவர்களும் உண்டே என்று அத்தை கேட்டார். உண்டு. தீக்காயத்தை மறைக்க முழுக்கை போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அது அவர்கள் முடிவு, அதில் யாரும் வாய் திறக்கக் கூடாது. நானும் அதைத்தான் சொல்கிறேன். கேளுங்கள்.

காலம் மாறிவிட்டது, பச்சையெல்லாம் பட்டிக்காட்டு வழக்கம் என்கிறவர்களுக்குப் பதில் சொல்லவே மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லுங்கள். பெண் வீட்டார் ஆல்பத்தைப் புரட்டும்போது நாம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில் வளர்ந்தவர்கள் என்பது தெரியக் கூடாது. அவ்வளவுதானே? அந்தக் கைகள் கூடை சுமந்ததால்தான் நாமெல்லாம் படித்தோம். தம்பி கோட் போட்டு மேடையில் நின்றதும் அந்தக் காசில்தான். இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஸ்டுடியோவில் மூலப் படங்கள் இருக்கின்றன. அப்பத்தாவும் அம்மாவும் இருக்கும் பக்கங்களை எல்லாம் திரும்ப அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். செலவு என்னுடையது. சொந்தத்தில் யாருக்காவது இதில் சங்கடம் இருந்தால் என்னிடம் வந்து பேசுங்கள். அப்பத்தாவிடம் போய் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.