அச்சிடாதீர்கள், எறியுங்கள்

ஜாவா கற்கத் தொடங்கியவர்களின் நிரல்களைத் திருத்தும்போது ஒரே வழக்கத்தைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். வங்கிக் கணக்குக்கு ஒரு கிளாஸ், அதில் பணம் எடுக்க ஒரு மெத்தட். தொகை பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் ‘தவறான தொகை’ என்று திரையில் அச்சிட்டுவிட்டு ரிட்டர்ன். அந்தச் சோதனையும் இல்லாத நிரல்களில் மைனஸ் 500 ரூபாயை ‘எடுத்தால்’ இருப்பு 500 ரூபாய் கூடிவிடும் என்பதால், இதையே முன்னேற்றமாகக் கொள்ளலாம்தான்.

ஆனால் திரையில் விழும் வரி மனிதக் கண்ணுக்கு மட்டுமே தெரியும். மெத்தடை அழைத்த நிரலோ பணம் எடுக்கப்பட்டதாகவே கருதி, அடுத்த வரிக்குப் போய் ரசீதும் கொடுத்துவிடும். மைனஸ் 1-ஐத் திருப்பி அனுப்பினாலும், அதை அழைத்தவர் பார்க்காமல் விட்டால் கம்பைலர் தடுப்பதில்லை. எனவே எறிய வேண்டியது எக்செப்ஷனை: மெத்தடை அங்கேயே நிறுத்தி, பிழையை அழைத்த நிரலுக்குத் தெரிவிக்கும் ஜாவாவின் வழி அது.

ஆப்ஜெக்டை உருவாக்கும்போது இயங்கும் கன்ஸ்ட்ரக்டருக்கு வந்தால் இந்த வழக்கம் முற்றிலும் உடைந்துபோகிறது. அங்கே திருப்பி அனுப்ப மதிப்பே கிடையாது. செய்தியை அச்சிட்டுவிட்டு ரிட்டர்ன் செய்தாலும், பாதி நிரப்பிய ஆப்ஜெக்ட் ஒன்று அழைத்தவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எக்செப்ஷன் எறிந்தால் மட்டுமே அது நேராது. ஜாவாவின் பட்டியல் கிளாஸான அர்ரேலிஸ்ட்டும் இதையே செய்கிறது: கொள்ளளவாக மைனஸ் 1 கொடுத்தால், இல்லீகல் ஆர்கியுமென்ட் எக்செப்ஷன்.

‘எக்செப்ஷன் பாடம் இன்னும் நடக்கவில்லையே’ என்கிறார்கள். பிடிப்பதற்குத்தான் அந்தப் பாடம் வேண்டும். எறிவதற்கு ஓர் இஃப், ஒரு த்ரோ போதும். இல்லீகல் ஆர்கியுமென்ட் எக்செப்ஷன் ரன்டைம் எக்செப்ஷன் வகையைச் சேர்ந்தது என்பதால் மெத்தட் தலைப்பில் த்ரோஸ் எழுதவும் தேவையில்லை. நல் (null, எந்த ஆப்ஜெக்டையும் சுட்டாத மதிப்பு) சோதனைக்கு 2011-இல் ஜாவா 7 கொண்டுவந்த ரிக்வயர்நான்நல் இருக்கிறது. சிலர் சோதனைக்கு அஸெர்ட் (assert) கட்டளை போடுகிறார்கள். தனியாக இயக்கினாலன்றி அது வேலை செய்யாது என்பதால் பொது மெத்தடுகளின் ஆர்கியுமென்டுகளைச் சோதிக்க அதை நம்பக் கூடாது.

பயனர் விசைப்பலகையில் தவறாகத் தட்டுவது வேறு விஷயம். அதை உள்ளீடு வாங்கும் இடத்திலேயே சோதித்து மறுபடி கேட்க வேண்டும். அதையும் தாண்டித் தவறான மதிப்பு மெத்தடுக்குள் வந்தால் அது நிரல் எழுதியவரின் பிழை. வந்த மதிப்பையும் செய்தியில் சேர்த்து எறிந்தால், ஸ்டாக் ட்ரேஸை (எந்த வரி எந்த மெத்தடை அழைத்தது என்ற பட்டியலை) பார்த்தவுடன் எந்த வரி எதை அனுப்பியது என்று தெரிந்துவிடும்.

தொகையை டபுளில் (தசம எண் வகையில்) வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: ‘பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் எறி’ என்ற சோதனையில் நான் (NaN) எனப்படும் எண்ணல்லாத மதிப்பு தப்பிவிடும், ஏனெனில் அதனுடன் செய்யும் எந்தச் சிறிது பெரிது ஒப்பீடும் பொய்யாகவே முடியும். ‘பூஜ்யத்தைவிடப் பெரிதாக இல்லையென்றால் எறி’ என்று மாற்றி எழுதுங்கள்; அல்லது பணத்தைப் பைசாக் கணக்கில் லாங்கில் (முழு எண் வகையில்) வைத்துக்கொள்ளுங்கள்.